போனட் மூடும் முறை

தேயிலைத் தோட்டத்துக் கோயில் வாசலில் குகனேஸ்வரனின் புதுக் காருக்குப் பூஜை. காருக்குள் இருந்த லீவரை இழுத்து போனட்டைத் திறந்தவர், செம்மண் காலோடு யாரும் ஏறிவிடக் கூடாதென்று முதல் வேலையாகக் கதவுகளைப் பூட்டினார்.

பூசாரி பூஜைத் தட்டில் இருந்த எல்லாவற்றையும் என்ஜின் மேல் வைத்துக் கற்பூரம் காட்டி முடித்தார். மனைவி நவமணி போனட்டுக்குள் கையை நீட்டினாள்.

"கைய எடு! இது என்ன ஒங்கப்பாவோட காய்கறி லோரியா? புது காடி லா!"

"இல்லங்க, அது..."

"பேசாத. மூடுறதப் பாத்துக் கத்துக்க. அமுக்கினா நசுங்கிடும். ஓங்கிச் சாத்தினா லாக் கெட்டுப்போயிரும். ஒரு சாண் வரைக்கும் எறக்கி, அப்படியே விட்டுறணும்."

விட்டார். 'டப்'பென்று கச்சிதமாக மூடிக்கொண்டது. கூட்டம் கை தட்டியது.

"பாத்தியா? இனி எவனாலயும் வெளிய இருந்து தொறக்க முடியாது. சரி, எலுமிச்சம்பழத்துல ஏத்தலாம். சாவி எங்க?"

நவமணி போனட்டைக் காட்டினாள்.

"அத எடுக்கத்தான் கைய நீட்டினேன்."

குகனேஸ்வரன் குரல் இறங்கியது. "வீட்டுல இன்னொரு சாவி இருக்குல்ல?"

"ரெண்டையும் சாமிகிட்ட வைக்கணும்னு நீங்கதானே கொண்டாரச் சொன்னீங்க!"