ஒரே ஒரு நிறுத்தம்

பேருந்து நிற்கவில்லை.

அவள் பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். மேசையே நகரும்படி அழுத்தினாள்.

திரையில் பேருந்து மலைப்பாதையில் சீறிக்கொண்டு இறங்கியது. நிறுத்தத்தில் பலாப்பழத்தோடு நின்றவர் கை காட்டினார். அவரைத் தாண்டி, மலையைத் தாண்டி, படம் வரைந்து முடித்த இடத்தையும் தாண்டி வெறும் சாம்பல் நிறத்துக்குள் போய்க்கொண்டே இருந்தது.

மழை மட்டும் அற்புதமாகப் பெய்தது.

நேற்று வரை இந்த மழை இல்லை.

கண்காட்சி அரங்கின் கதவைத் திறந்துவிட்டார்கள். வீடியோ கேம்களை வாங்கி வெளியிடுகிற கம்பெனிக்காரர் எந்த நிமிடமும் வருவார். அவருக்குப் பிடித்தால் இந்த கேம் உலகத்தைப் பார்க்கும். இல்லையென்றால் அவள் திங்கட்கிழமை பழைய ஆபீசுக்குப் போய், பழைய நாற்காலியில் உட்கார்ந்து, பழைய மேனேஜருக்குக் குட்மார்னிங் சொல்ல வேண்டும்.

அவள் திரும்பினாள்.

ஜெபின் வடை தின்றுகொண்டிருந்தான். குழுவில் மொத்தம் இரண்டே பேர். வடை தின்கிறவன் மற்றவன்.

ஒரு பேருந்து. ஒரு நிறுத்தம். ஏறுவதற்கு ஒரு ஆள். அவ்வளவுதான் கேம். ஆறு மாதத்தில் முடிப்பதாகப் பேச்சு. மூன்றாவது வருடம் நடக்கிறது.

பலாப்பழம் இருந்தால் எறும்பு வேண்டாமா என்றான் ஜெபின். வந்தது. ஒவ்வொரு எறும்புக்கும் தனி நடை. பிறகு எறும்புகளுக்குள் கோஷ்டிச் சண்டை. சமாதானம் பேச ஒரு மூத்த எறும்பு. டிரைவருக்குப் பல்வலி. பல்வலிக்கு ஒரு வைத்தியர். வைத்தியருக்குக் கல்யாண வயதில் மூன்று பெண்கள்.

இது அநியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் அவள் விதி போட்டாள். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும்.

அவன் விதியை மீறியதே இல்லை. குரங்குக் கூட்டம் வந்தது. டிரைவரின் மூக்கு போனது. கோயில் தேர் வந்தது, ஹாரன் போனது.

"மழை எங்கருந்துலே வந்துச்சு?"

"நாந்தான் வச்சேன். எலையில சொட்டுகத பாத்தியா?"

"எதை எடுத்த?"

அவன் வடையை விழுங்கினான்.

"பிரேக்கை. நீதான மக்கா சொன்ன, ஒண்ணு வந்தா ஒண்ணு போவணும்னு? மழையில எவன் பிரேக் போடுவான்? வழுக்கும்லா."

அப்போது அவள் உச்சந்தலையில் தோசை ஊற்றியிருக்கலாம். முறுகலாக வந்திருக்கும்.

உட்கார்ந்தாள். மழையை நிறுத்தினாள். குரங்குகளைத் துரத்தினாள். தேரை நிலைக்கு அனுப்பினாள். வைத்தியரைக் குடும்பத்தோடு அழித்தாள். எறும்புகளைக் கோஷ்டி பார்க்காமல் அழித்தாள்.

"பெரியவரையாவது விட்டுரு மக்கா," என்று மூத்த எறும்புக்காகக் கெஞ்சினான்.

விடவில்லை.

பிரேக்கைத் திரும்ப வைத்தாள். மூக்கு வைக்க நேரமில்லை.

கம்பெனிக்காரர் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பேருந்து இறங்கியது.

நின்றது.

பலாப்பழக்காரர் ஏறினார். கதவு மூடியது. முடிந்தது.

அவள் மூச்சு விட்டாள்.

அவர் பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழகா இருக்கும்மா. இவர் எங்க எறங்குவார்?"

ஜெபின் வாயைத் திறப்பது தெரிந்தது. மேசைக்கடியில் அவன் காலை ஓங்கி மிதித்தாள்.

வாய் மூடிக்கொண்டது.

"கடல்கிட்ட சார்," என்று பதில் வந்தது. "அங்க இவருக்காக ஒரு படகு நிக்கும்."

ஜெபின் மெதுவாகத் திரும்பி, அதைச் சொன்னவளைப் பார்த்தான்.

அவள் இன்னும் அவன் காலை மிதித்துக்கொண்டுதான் இருந்தாள்.