மன்னிப்புக் கேட்ட செழியன்

இலவச அறிவியல் மென்பொருள்களை நடத்துகிறவர்கள் ஞாயிறுதோறும் இணையத்தில் கூடி, ஒருவரிடம் ஒருவர் புலம்பி ஆறுதல் தேடிக்கொள்வார்கள். கூட்டத்தைத் தஞ்சாவூரிலிருந்து பூர்ணிமா நடத்தினாள். முத்துப்பேட்டை வயல்களில் உப்புத்தண்ணீர் ஏறுவதைக் கணிக்கும் மென்பொருள் செழியனுடையது. கொஞ்ச நாளாக அவர் பக்கம் கேமரா அணைந்தே இருக்கும். எழுத்து மட்டும் வரும்.

"என்னால முடியல. மென்பொருளை மூடிடப் போறேன்" என்று அன்று செழியன் பெயரில் வந்தது.

"ஏண்ணே, யாராவது திட்டினாங்களா?" என்றான் கூட்டத்திலிருந்த மதிவாணன்.

"ஆமா, பிழை இருக்குன்னு ஒருத்தர். மன்னிப்புக் கேட்டு, திருத்தியும் கொடுத்தேன். அப்பவும் திட்டுறார்."

அதற்கு மேல் பூர்ணிமாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"போதும், கேமராவைப் போடுங்க அண்ணி."

பூர்ணிமாவே தொடர்ந்தாள்.

"அண்ணன் காலமானது எங்களுக்குத் தெரியும். அவர் எந்த ஜென்மத்துல மன்னிப்புக் கேட்டார்? ஒரு பிழையைத் திருத்த மூணு மாசம் இழுக்கிற சோம்பேறி. நீங்க ரெண்டே நாள்ல முடிக்கிறீங்க. எங்களுக்கு நீங்கதான் வேணும்."

திரையில் செழியனின் மனைவி ஆனந்தவல்லியின் முகம் தெரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"ஆள் மாறினா யாரும் நம்ப மாட்டாங்கன்னு நெனச்சேன். சரி, மூடலை. ஆனா அந்த மனுஷனைச் சோம்பேறின்னு நான் மட்டும்தான் சொல்லணும்."