இந்த வருஷத்து ரொசாலியா

"எங்கள் பங்குக் கோயிலில் நிறம் பார்க்கிற வழக்கமே இல்லை" என்றபடி, திருவிழா நாடகம் பழக்கும் சிஞ்ஞோரா மொனிகா மண்ணிற அங்கியை ஜெனுஷாவின் தோளில் வைத்து அளவு பார்த்தாள்.

அங்கி சான் பெனதெத்தோவுக்கு. பலெர்மோவின் கறுப்புப் புனிதர். நகரத்தின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் திருவிழா நாடகத்தில் அவருக்கு வசனமே கிடையாது. போன வருஷமும் ஜெனுஷாதான் அந்த அங்கிக்குள் நின்றாள். அவர் ஆண் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

மாக்கிரட் மகளின் தோளிலிருந்து அங்கியை எடுத்தாள்.

"சிஞ்ஞோரா, ரொசாலியாவின் வசனம் முழுக்க இவளுக்குப் பாடம். இவளே ரொசாலியாவாக நிற்கட்டும்."

"எனக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுதான். வெள்ளை உடுப்பு, வெள்ளை ரோஜா... விளக்கு வெளிச்சத்தில் முகம் எடுபடாதே என்றுதான் யோசிக்கிறேன்."

பவுல் மனைவியின் காதுக்குள் சொன்னான்: "பேசாமல் இரும். நாளைக்கு அவவின்ரை வீட்டைத்தானே கூட்டப் போறீர்."

"கூட்டுறன். அதுக்காக என்ரை பிள்ளை வாய் திறவாமல் மூலையிலை நிக்கோணுமோ?"

ஜெனுஷா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாக்கிரட் மறுபடி இத்தாலிய மொழிக்கு மாறினாள். "கடவுள் தந்த இந்த முகத்தோடு என் மகள் மேடையில் நிற்பாள். முடியாதென்றால் பங்குச் சுவாமியிடம் போகிறேன்."

சுவாமி என்றதும் மொனிகா சிரித்தாள். "சரி, ரொசாலியா ஜெனுஷாதான். அப்படியானால் இந்த அங்கிக்கு யார்?"

"கத்தரீனாவின் மகன் இருக்கிறானே, கானாக்காரப் பையன். எங்களைவிடப் பொருத்தம்."

"பார்த்தீர்களா, நான் சொல்லவில்லை. நீங்கள்தான் சொன்னீர்கள்."

மொனிகா மிகுந்த நிம்மதியோடு அங்கியை மடித்து வைத்தாள்.

செய்தி தமிழர் குடியிருக்கும் கால்சாப் பகுதி முழுக்கப் பரவியது. தமிழ்ப் பூசை முடிந்ததும் பக்கத்து வீட்டுக் கிருபன் மாக்கிரட்டிடம் ஓடிவந்தான்.

"சிஞ்ஞோராவோடை நேருக்கு நேர் கதைச்சு வெண்டிட்டியளாம் அக்கா!"

"பின்னை? எங்கடை நிறத்துக்கு நாங்கள் ஏன் தம்பி வெக்கப்படோணும்?"

"அப்பிடிச் சொல்லுங்கோ!" என்றான் அவன். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

திருவிழா மாலை. மேடைக்குப் பின்னால் சரியான வெக்கை. கத்தரீனாவின் மகன் அங்கிக்குள் வேர்த்து வழிந்துகொண்டிருந்தான். வெள்ளை உடுப்பும் ரோஜா முடியுமாக ஜெனுஷா உதட்டுக்குள் வசனம் சொல்லிப் பார்த்தாள். பவுல் போனைத் துடைத்து வீடியோவுக்கு ஆயத்தமானான்.

"இஞ்சை வா, பிள்ளை. கண்ணை மூடு."

மாக்கிரட் கைப்பையிலிருந்து பவுடரை எடுத்தாள். நெற்றியில் பூசினாள். கன்னத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பூசினாள். பிறகு காதோரம், கழுத்து.

கண்ணைத் திறக்காமலே ஜெனுஷா இரண்டு கைகளையும் நீட்டினாள்.