துண்டு ஆட்டியவர்கள்

கடலுக்குப் போகுமுன் நகரத்தில் நெல்லித்தோப்பு வாடகை அறையிலிருந்து செம்மல், படகு நிற்கும் மீனவ ஊரான கனகசெட்டிக்குளத்துக்கு போன் செய்து அலை எப்படி என்று கேட்பான். அன்றைக்கு மீனவர் சின்னக்கண்ணு சிரித்தார்.

“என்னா செம்மலு, படகுலேருந்தே போன் பண்றியா? இப்பதான அலையத் தாண்டிப் போன, கைகூட ஆட்டின.”

செம்மல் பஸ் பிடித்து ஓடினான். அதற்குள் காற்று திரும்பி, மற்றவர்கள் கரையேறியிருந்தார்கள். கரையில் அவனுடைய சின்னத் துடுப்புப் படகு இல்லை. அது தூரத்தில், ஓர் ஆளோடு, கடலுக்குள்ளே போய்க்கொண்டிருந்தது.

கடல் கெட்டால் வீட்டு ஆட்கள் கரையிலிருந்து துண்டை ஆட்டிக் கூப்பிடுவது வழக்கம். ஆட்டிக்கொண்டிருந்த சின்னக்கண்ணு, முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் செம்மலைப் பார்த்தார்.

“நீங்களும் ஆட்டுங்க தம்பி. பாவம், அவனுக்குன்னு இங்க யாருமில்ல.”

செம்மல் தன் தோளில் கிடந்த துண்டை உருவி ஆட்டினான்.

“செம்மலு, வந்துடுறா!” என்று தொண்டை கிழியக் கத்தினான்.

படகு மெல்லத் திரும்பியது.