ஓட விட்டுப் பாருங்க!

"சைபர்! மாவட்டப் போட்டியில நாலு மேட்ச் ஆடியிருக்கே. ரெண்டாவது பேஸைத் திருட வந்தவ ஒருத்தியையாவது அவுட்டாக்கினியா?"

மாநில அணித் தேர்வாளர் ஜெகதீசன் பட்டியலைப் பவானியின் முகத்துக்கு நேரே ஆட்டினார். அதில் பெயர்கள் கிடையாது. சிபாரிசு நுழைந்துவிடக் கூடாதென்று, இன்று காலை சட்டையில் குத்திய எண்கள் மட்டும். பவானி பதினேழு.

"சார், அது இன்னான்னா..."

"இன்னாவும் வேணாம், பின்னாவும் வேணாம். இருபத்திரண்டாம் நம்பர் ஒம்பது பேரை அவுட்டாக்கியிருக்கா. பேஸ்பால்ல கேட்சருக்கு வேலையே அதானே?"

அவர் சொன்னதில் தப்பில்லை. பிட்ச்சர் பந்தை விடும் நொடியில், முதல் பேஸில் நிற்பவள் இரண்டாம் பேஸுக்குப் பாய்வாள். பேட்டருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர் பந்தைப் பிடித்து, அவள் போய்ச் சேருமுன் அங்கே எறிந்தாக வேண்டும்.

பவானிக்குச் சுள்ளென்று ஏறியது. எண்ணூர்க் குப்பத்தில், அவள் வீட்டின் முதல் டிகிரி அவளுடையது. அதை வைத்துக்கொண்டு ஒரு வருஷமாக ஒன்றும் நடக்கவில்லை. மாநில அணிச் சான்றிதழ் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எழுதிப் போடலாம். கேட்சருக்கு இருப்பதோ ஒரே இடம். அதை இந்தத் தாள் தின்றுவிடுமா?

"பேப்பரை மடிச்சு பாக்கெட்ல வைங்க சார். யாரை வேணா ஓட விட்டுப் பாருங்க. ஒருத்தி ரெண்டாவது பேஸைத் தொட்டுட்டா, நானே கெளம்பிப் போய்க்கினே கீறேன்."

"திமிரைப் பாரு!"

"திமிரு இல்ல சார். என் கை எனக்குத் தெரியும்."

மாவட்டப் போட்டியில் ஆடிய மூன்று அணிகளிலிருந்து மூன்று வேகக்காரிகளை ஜெகதீசன் கூப்பிட்டார்.

பவானி முகத்தை மூடும் கம்பி மாஸ்க்கை மாட்டினாள். ஆட்டம் தொடங்குமுன் கேட்சர்கள் எறிந்து பார்ப்பதுபோல் இரண்டாம் பேஸுக்கு ஒரு பந்தை விட்டாள். பிட்ச்சரின் காதோரம் சீறிப்போய்க் கிளவுஸில் அறைந்தது. பிடித்தவள் கையை உதறினாள். ஜெகதீசன் ஓடாத ஸ்டாப்வாட்சைத் தட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

முதலில் பெர்சிஸ். பிட்ச்சர் வீசினாள். பெர்சிஸ் அசையவில்லை.

"இன்னாம்மா, காலு மரத்துப்போச்சா?" ஜெகதீசன் கத்தினார்.

பெர்சிஸ் தலையைச் சொறிந்தாள். அடுத்து ஜஹானாரா. ஓரடி எடுத்து வைத்தாள். பவானி பக்கம் பார்த்தாள். வைத்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"ரெண்டும் வேஸ்ட்! சினேகா, நீ வா!"

சினேகா, ஜெகதீசனே பயிற்சி கொடுக்கும் திருவொற்றியூர் அணிக்காரி. மாவட்டத்தில் அவளை மிஞ்சி ஓட ஆளில்லை.

"காட்டுடி நம்ம ஓட்டத்தை!"

பிட்ச்சர் வீசினாள். சினேகா பேஸின் மேல் இரண்டு காலையும் ஊன்றி நின்றாள்.

"உனக்கு இன்னாடி பேஜாரு? ஏன் ஓடல?"

"இன்னா சார் நீங்க!" சினேகாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "செமிஃபைனல்ல மாஸ்க் போட்டுக்கினு குந்தியிருந்தாளே, அவ இவதான் சார்! 'அவ எறியிறது பந்து இல்ல, குண்டு. எவளும் பேஸை விட்டு நகராதீங்க'ன்னு நீங்கதானே சொன்னீங்க? நாலு டீமும் அப்பிடித்தான் நின்னுச்சு. எவ சார் ஓடினா, இவ அவுட்டாக்குறதுக்கு?"