உப்புக் கஞ்சி

"உங்களுக்கு உப்புக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர், மேடம்" என்றேன்.

இலோனா மேடம் கேட்கிற ஆளா? வோக்கரைத் தள்ளிக்கொண்டு குசினிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். தொண்ணூறு தாண்டிவிட்டது. பிடிவாதத்துக்கு மட்டும் வயதே ஆகவில்லை.

துபாயில் மகன் வீட்டில் இருக்கும் அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் நான். எங்கள் அரைகுறை ஆங்கிலம் எங்களுக்குப் போதும்.

அது எனக்கென்று காய்ச்சிய கஞ்சி. இங்கே தேரா கடைத்தெருவில் வாங்கிய அரிசி, தண்ணீர், உப்பு. முள்ளிவாய்க்காலில் பீரங்கிச் செல்லடிக்கு நடுவே எங்கள் சனம் உயிரைப் பிடித்துக்கொண்டது அதைக் குடித்துத்தான். அதனால் போர் முடிந்த மே பதினெட்டு வந்தால் எந்த நாட்டில் இருந்தாலும் காய்ச்சுவோம்.

ஒரு கிண்ணம் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

அன்று பின்னேரம் கமெராக்காரர் வருவதாக இருந்தது. யூதப் பிள்ளை என்பதற்காக ஹங்கேரியில் நாஜிகள் மேடத்தை ரயிலேற்றி முகாமில் அடைத்த கதையைப் பதிவு செய்ய. முன்பும் வந்தார்கள். ரயில், நாய்கள், மொட்டையடித்தது எல்லாம் கலங்காமல் சொன்னார். அம்மாவிடம் வந்ததும் வாய் பூட்டிக்கொண்டது. இன்றும் சொல்லாவிட்டால் அம்மாவின் பெயர் தன்னோடே போய்விடும் என்று காலையிலிருந்து ஒரே புலம்பல்.

இப்போது கிண்ணத்தைப் பார்த்தபடி சொன்னார். முகாமில் ஆளுக்கு ஒரு அகப்பை தண்ணிச் சூப். அம்மா தன் பங்கையும் இவருக்கே ஊற்றுவாராம், நான் அப்போதே குடித்துவிட்டேன் என்று.

"பொய்யெண்டு எனக்குத் தெரியும், ஜெயா. தெரிஞ்சும் குடிச்சன். அம்மா செத்துப்போனா."

என்ன மனுஷி! எண்பது வருஷமாக இதைத் தனியே சுமந்துகொண்டு, தையல் தைத்துப் பிள்ளை வளர்த்து, தினமும் எனக்குப் பகிடி வேறு விட்டுச் சிரிக்க வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

"நீங்கள் தெரிஞ்சுதான் குடிக்கிறீங்கள் எண்டு அம்மாவுக்கும் தெரியும், மேடம். நீங்கள் குடிச்சதே அவவுக்குப் பெரிய சந்தோஷம்."

"பிள்ளை பெறாத உனக்கு எப்பிடித் தெரியும்?"

"பெத்தனான், மேடம். அவளும் தெரிஞ்சுதான் குடிச்சவள். பாத்துக்கொண்டிருந்த எனக்கு வயிறு நிறைஞ்சுது. அடுத்த நாள்தான் செல் விழுந்தது."

என் கையைப் பிடித்துக்கொண்டு மகளின் பெயரைக் கேட்டார். சொன்னேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு ஒருவரிடமும் சொன்னதில்லை.

பின்னேரம் கமெரா முன்னால் அம்மாவின் பெயரைச் சொன்னார்: மார்கித். கமெராக்காரர் முடிந்ததென்று எழும்பினார். இலோனா மேடம் கை காட்டி அவரை உட்கார வைத்தார்.

"இன்னொரு பேர் இருக்கு. எழுதிக்கொள்ளுங்கள். ஆரணி. வயது ஐந்து."