வெள்ளை ரிப்பன் சிறுமி

"அகாய், இந்தப் பொண்ணுக்கு ரொட்டியே குடுக்க மாட்டீங்களா? நாங்க காலேஜ்ல சேர்ந்ததுலேருந்து இவ வளரவே இல்லையே!"

பிஷ்கெக் நகரின் கட்டடக்கலைக் கல்லூரி ஒன்றில், மரியாதையாக 'அகாய்' என்று அழைத்தபடியே ஆசிரியர் ஜோமார்ட்டை மாணவர்கள் இப்படித்தான் சீண்டுவார்கள். கணினியில் எந்தக் கட்டடம் வரைந்தாலும், ஆள் உயரம் தெரிவதற்காக அவர் கொடுத்த வெள்ளை ரிப்பன் சிறுமியின் உருவத்தை உள்ளே நிறுத்தியாக வேண்டும். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

இந்த ஆண்டு வகுப்பே சேர்ந்து ஒரு பள்ளிக்கூடம் வடிவமைத்தது. கண்காட்சிக்கு முன் மாணவி அய்சிரேக் அந்தப் பழைய உருவத்தை நீக்கிவிட்டு, புதுப்புதுக் குழந்தைகளை நிரப்பினாள்.

முதல் ஆளாக ஆசிரியரின் மனைவி வந்து, கட்டடத்துக்குள்ளேயே நடப்பதுபோல் காட்டும் வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வகுப்பறை வகுப்பறையாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"என்ன தேடுறீங்க, எஜே?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டாள் அய்சிரேக்.

"எம்பொண்ணை. பள்ளிக்கூடத்துல சேர ஒரு வாரம் இருக்கும்போது காய்ச்சல்ல போயிட்டா. மொத நாள் கட்டிவிட வெள்ளை ரிப்பன்கூட வாங்கி வெச்சிருந்தோம். நீங்க கட்டுற இடத்துக்கெல்லாம் உங்க அகாய் அவளைக் கூட்டிட்டுப் போயிடுவாரு."



கண்ணாடியைக் கழற்றாமலே அவர் கேட்டார்: "எல்லாப் பிள்ளைங்களும் வந்திருக்கே... அவ மட்டும் ஏம்மா வரல?"